பிளேட்லெட் எண்ணிக்கை சரி, ரத்தம் மட்டும் நிற்கவில்லை: மூன்று பரிசோதனைகளில் எது உங்களுக்கு?

திருவந்திபுரத்தில் மொட்டை போட்டு, காது குத்தி, மூன்றாம் நாளும் குழந்தையின் காது மடலில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. நெல்லிக்குப்பம் பக்கமிருந்து வந்த அந்த அம்மா, கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் வேலை பார்க்கும் லேபின் ஜன்னலில் பழைய ரிப்போர்ட்டை நீட்டிக் கேட்டார்: "பிளேட்லெட்டு ரெண்டு லட்சத்து எழுபதாயிரம்னு நீங்கதானேண்ணா குடுத்தீங்க? அப்புறம் ஏன் ரத்தம் நிக்கல?"

டெங்கு வந்த பிறகு பிளேட்லெட் எண்ணிக்கை டீக்கடை வரைக்கும் தெரிந்த கணக்காகிவிட்டது. லட்சத்துக்குக் கீழே போனால் பயம், மேலே இருந்தால் நிம்மதி. எண்ணிக்கை நிறைய இருந்தும் வேலை செய்யாத பிளேட்லெட் உண்டு என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அந்தக் குழந்தைக்குப் பல் முளைக்கும்போதே ஈறில் ரத்தம். தடுப்பூசி போட்ட தொடையில் வாரக்கணக்கில் நீலம். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் பிடி, ஏபிடிடி இரண்டும் நார்மல். இந்த மாதிரி ரத்தக்கசிவுக்கு முதலில் சந்தேகப்பட வேண்டிய வான் வில்லிபிராண்ட் என்ற நோய்க்கான சோதனையும் சரியாகவே வந்தது. புதுச்சேரியில் பார்த்த டாக்டர், பிளேட்லெட் இருந்தும் ஒன்றோடொன்று திரளாத பிறவி நோயான கிளான்ஸ்மன் திராம்பஸ்தீனியாவாக இருக்கலாம் என்று சொல்லி, சீட்டில் மூன்று பரிசோதனைகளின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார்: அக்ரிகேஷன், ஃப்ளோ சைட்டோமெட்ரி, மரபணுப் பரிசோதனை.

"மூணுல எதாச்சும் ஒண்ணு பண்ணா பத்தாதா?" என்றார் வீட்டுக்காரர். பல சமயம் பத்தும். எந்த ஒன்று என்பதில்தான் பணமும் அலைச்சலும் வீணாகிறது. இதே சீட்டோடு வந்து நின்றவர்கள் இன்னும் சிலர் உண்டு. அவர்களிடம் துண்டு துண்டாகச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, ரத்தம் எடுக்கிறவன். எந்தக் குழாய் எங்கே போய் என்னவாகத் திரும்பி வருகிறது என்பதைத்தான் தினமும் பார்க்கிறேன்.

நார் இருக்கிறது, முடிச்சு விழவில்லை

பூக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கூடை நிறைய மல்லிகை இருந்தாலும் நார் காம்பைப் பிடித்தால்தான் சரம். ரத்தத்தில் பூவின் இடத்தில் பிளேட்லெட், நாரின் இடத்தில் ஃபைப்ரினோஜென் என்ற புரதம். நார் பிடிக்கும் காம்புதான் ஆல்ஃபா டூ-பி பீட்டா-3 என்ற இன்டெக்ரின். ஒரு பிளேட்லெட்டின் மேல் சுமார் 80,000 இருக்கும். சாதாரண நேரத்தில் மடங்கிக் கிடக்கும். காயம் பட்டதும் நிமிர்ந்து நாரைப் பிடிக்கும்.

இந்தக் காம்பு இரண்டு துண்டுகளால் ஆனது. பீட்டா-3 துண்டைச் செய்யும் மரபணு ஐடிஜிபி3, மற்றதைச் செய்வது ஐடிஜிஏ2பி. இரண்டும் 17ஆம் குரோமோசோமில்தான் இருக்கின்றன. துண்டுகள் செல்லுக்குள்ளேயே ஜோடி சேர்ந்தால்தான் மேற்பரப்புக்கு வரும் என்பதால், எந்த மரபணு கெட்டாலும் விளைவு ஒன்றே: காம்பு இல்லாத பூ. 1918இல் சுவிட்சர்லாந்துக் குழந்தை மருத்துவர் எட்வார்ட் கிளான்ஸ்மன் இந்த நோயை விவரித்தபோது மரபணுவெல்லாம் யாருக்கும் தெரியாது. உறைந்த ரத்தம் ஒழுங்காகச் சுருங்குவதில்லை என்பதைத்தான் அவர் கவனித்தார். அந்தப் பழைய சோதனையை நான் தொழில் கற்றபோது செய்திருக்கிறேன். கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஊற்றி 37 டிகிரி தண்ணீரில் வைத்தால், ஒன்றிரண்டு மணி நேரத்தில் கட்டி சுருங்கி, மஞ்சள் நீர் பிரிந்து நிற்கும். இந்த நோயில் குழாய் முழுக்கக் கட்டி அப்படியே அல்வா மாதிரி உட்கார்ந்திருக்கும்.

நம் ஊர்க் கரம்பில் திரியும் சுருட்டை விரியனின் விஷத்தில் இதே காம்பை அடைக்கும் புரதம் ஒன்று இருக்கிறது. அதை முன்மாதிரியாக வைத்துத்தான் டைரோஃபிபான் என்ற மருந்தை உருவாக்கினார்கள். மாரடைப்பு வந்தவருக்கு ரத்தக் கட்டி மேலும் வளராமல் இருக்க அது தரப்படுகிறது. அவருக்குச் சில மணி நேரம் வேண்டுமென்றே செய்கிற காரியம், இந்தக் குழந்தைக்குப் பிறவியிலேயே நடந்திருக்கிறது.

எதை வைத்து முடிவு செய்வது

விலைப்பட்டியலை முதலில் பார்க்காதீர்கள். நான் முதலில் கேட்பது, உங்களுக்கு எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்பதைத்தான். "என் பிள்ளைக்கு இருப்பது இதுதானா?" என்பது ஒரு கேள்வி. "அடுத்த பிள்ளைக்கும் வருமா, என் தம்பிக்கு இருக்குமா?" என்பது வேறு கேள்வி. பாதிக் குழப்பம் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக்கொள்வதால் வருகிறது.

அப்புறம் எவ்வளவு ரத்தம் எடுக்க வேண்டும், அது எவ்வளவு நேரம் தாங்கும் என்பது. கடலூரிலிருந்து கோரிமேட்டில் இருக்கிற ஜிப்மருக்குப் போவது ஒரு மணி நேர பஸ். வேலூரோ சென்னையோ என்றால் ஒரு நாள் வேலை, பெரும்பாலும் ஒரு ராத்திரித் தங்கல். எது முடிவைக் கெடுக்கும் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கடைசியாக, பேப்பர் கையில் வந்த பிறகு வீட்டில் என்ன நடக்கும்? இதை யாருமே கேட்பதில்லை.

ஒன்று நினைவிருக்கட்டும். இன்று ராத்திரி மூக்கில் ரத்தம் கொட்டினால், இந்த மூன்று ரிப்போர்ட்டில் எது கையில் இருந்தாலும் முதலுதவி மாறாது. தலையை முன்னால் சாய்த்து மூக்கின் மென்மையான பகுதியை அழுத்திப் பிடிப்பது, டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் டிரானெக்சாமிக் அமிலம், நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. ஆஸ்பிரின், புரூஃபென், டைக்ளோஃபெனாக் எதுவும் கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்.

அக்ரிகேஷன்: வேலையை நேரில் பார்ப்பது

ரத்தத்தைச் சுழற்றினால் பிளேட்லெட் மிதக்கும் கலங்கலான மஞ்சள் நீர் கிடைக்கும். அதில் ஏடிபி, கொலாஜன் போன்ற தூண்டிகளைச் சொட்டுவிடுவார்கள். பிளேட்லெட் திரண்டால் கலங்கல் தெளிந்து வெளிச்சம் ஊடுருவும், வரைபடத்தில் கோடு ஏறும். கிளான்ஸ்மனில் எந்தத் தூண்டிக்கும் கோடு படுத்தே கிடக்கும், ரிஸ்டோசெட்டினுக்கு மட்டும் ஏறும். ஏனென்றால் அந்த வேலைக்கு இன்டெக்ரின் தேவையில்லை, வேறொரு புரதம் பார்த்துக்கொள்கிறது. பெர்னார்ட் சூலியர் என்ற இன்னொரு நோயில் இதற்கு நேர்மாறாக இருக்கும். நோய் என்னவென்றே தெரியாத நிலையில் இந்தச் சோதனைக்கு இருக்கும் பலம் இதுதான். பல பிளேட்லெட் கோளாறுகளை ஒரே மேசையில் பிரித்துக் காட்டும்.

சங்கடங்களும் நிறைய. 10 மில்லியிலிருந்து 20 மில்லி வரை ரத்தம் கேட்பார்கள். இரண்டு வயதுக் குழந்தையிடம், அதுவும் ஏற்கெனவே ரத்தசோகையில் இருக்கும் குழந்தையிடம், அதை ஒரே குத்தில் எடுப்பது எனக்கே கை நடுங்கும் வேலை. எடுத்த நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். குளிரில் வைக்கக்கூடாது, குலுக்கக்கூடாது. எனவே கடலூரில் எடுத்து அனுப்புவது நடக்காது. குழந்தையையே கருவி இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இங்கே ஒரு லேபில், பெயர் வேண்டாம், இந்தச் சோதனைக்கு எடுத்த நீல மூடிக் குழாயை ஐஸ் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டார்கள். அந்தக் குடும்பத்துக்குப் பணமும் போச்சு, பிள்ளை பட்ட குத்தும் வீண்.

முந்தைய ஒரு வாரம் பத்து நாளில் ஆஸ்பிரின், புரூஃபென் வகை மாத்திரை எதையும் விழுங்கியிருக்கக் கூடாது. காலையில் நெய்ப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போனாலும் மஞ்சள் நீர் பால் மாதிரி கலங்கி, வெளிச்சக் கணக்கே தப்பும். வெறும் வயிறா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அந்த இயந்திரம் அன்றைக்கு ஓடுகிறதா என்றும் கேளுங்கள். வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் செய்யும் இடங்கள் உண்டு.

ஃப்ளோ சைட்டோமெட்ரி: காம்பை எண்ணுவது

இங்கே வேலையைப் பார்ப்பதில்லை, ஆளை எண்ணுகிறார்கள். சிடி41, சிடி61 என்ற இரண்டு அடையாளங்களுக்கு ஒளிரும் சாயம் பூசிய எதிர்ப்பொருளைச் சேர்த்து, ஒவ்வொரு பிளேட்லெட்டாக லேசர் முன்னால் ஓடவிடுவார்கள். சிடி61 என்பது ஐடிஜிபி3 செய்யும் பீட்டா-3தான், சிடி41 அதன் ஜோடி. இயல்பான அளவில் 5 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் முதல் வகை, 5 முதல் 20 வரை இரண்டாம் வகை.

ஒன்றிரண்டு மில்லி ரத்தம் போதும். பொதுவாக ஒரு நாள் வரை தாங்கும் என்பதால், முறையாகப் பேக் செய்தால் வெளியூருக்கும் போகும். எந்த மூடிக் குழாய் என்பது மட்டும் லேபுக்கு லேப் மாறும், எடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். சின்னக் குழந்தை, கிளான்ஸ்மன் என்றே டாக்டருக்கு வலுவான சந்தேகம், பெற்றோர் சொந்தத்தில் கட்டியவர்கள் என்றால் முதல் பணத்தை இதில் போடுங்கள் என்பதுதான் என் கட்சி.

மேலே சொன்ன சதவீதம் பின்னாலும் உதவும். காம்பே இல்லாத குழந்தைக்குத் தானப் பிளேட்லெட் ஏற்றும்போது உடம்பு அந்தக் காம்பை அந்நியன் என்று நினைத்து எதிர்ப்பொருள் செய்துவிடலாம். பிறகு ஏற்றுகிற பிளேட்லெட் பலன் தராமல் போகும். அப்போது கைகொடுப்பது ரத்தம் உறைய உதவும் மறுசேர்க்கை ஃபேக்டர் 7ஏ, மிக விலை உயர்ந்த மருந்து. அதனால் சின்னக் கசிவுக்கெல்லாம் பிளேட்லெட் ஏற்றலாமா என்று டாக்டர் யோசிக்கும்போது இந்த எண் கையில் இருப்பது நல்லது.

இதன் ஓட்டை இரண்டு இடத்தில். காம்பு எண்ணிக்கையில் இருந்து, பிடிக்கத் தெரியாமல் இருக்கும் மூன்றாவது வகை ஒன்று உண்டு. எண்ணி மட்டும் பார்த்தால் அது தப்பிவிடும், அதற்கு அக்ரிகேஷனுக்கே திரும்ப வேண்டும். இரண்டாவது, அண்மையில் பிளேட்லெட் ஏற்றியிருந்தால் தானம் கொடுத்தவரின் பிளேட்லெட்டும் சேர்ந்து ஓடிக் குழப்பும். பத்து நாளாவது காத்திருக்க வேண்டும். அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்த்தால், "ஏத்துறதுக்கு முன்னாடி டெஸ்டுக்கு ஒரு டியூப் எடுத்து வெச்சிடுங்க சார்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மரபணுப் பரிசோதனை: காரணத்தைப் படிப்பது

ஊதா மூடிக் குழாயில் இரண்டு மூன்று மில்லி. கூரியரில் எங்கே வேண்டுமானாலும் போகும். மாத்திரையும் நெய்ப் பொங்கலும் இதை ஒன்றும் செய்யாது. வசதி என்று பார்த்தால் இதுதான் முதலில் நிற்கிறது. அதனாலேயே பலர் நேராக இதில் குதிக்கிறார்கள்.

மூன்றிலும் செலவு அதிகம் இதற்கு. முடிவு வரப் பல வாரங்கள் ஆகும். வந்த பிறகும் சில சமயம், 'பொருள் தெளிவில்லாத மாற்றம்' என்று ஒரு வரி இருக்கும். மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அதுதான் நோய்க்குக் காரணமா என்று சொல்ல முடியவில்லை என்று அர்த்தம். அப்போது காம்பு இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க, விட்டுவந்த ஃப்ளோவுக்கே போக வேண்டும். அப்பா அம்மா இருவருக்கும் சோதனை எடுக்கச் சொல்வார்கள், அது தனிச் செலவு.

ஆர்டர் கொடுக்கும்போது இரண்டு மரபணுவும் சேர்ந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஐடிஜிபி3 மட்டும் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று வந்தால் நிம்மதிப்படக் கூடாது. ஐடிஜிஏ2பியில்தான் அதிகக் குடும்பங்களுக்குப் பிழை கிடைத்திருக்கிறது. ரிப்போர்ட்டில் ஐடிஜிபி3இன் 33ஆம் இடத்தில் லூசினுக்குப் பதில் புரோலின் (இரண்டும் புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்கள்) என்று ஒரு வரி வந்தாலும் பதற வேண்டாம். அது பலரிடம் சாதாரணமாக இருக்கும் வேறுபாடு, கிளான்ஸ்மன் இல்லை. ஒரு காலத்தில் அதை மாரடைப்போடு முடிச்சுப் போட்டார்கள், பிந்தைய ஆய்வுகளில் பல அதை ஒத்துக்கொள்ளவில்லை. தாய்க்கும் கருவுக்கும் இந்த இடத்தில் வேறுபட்டால் தாயின் எதிர்ப்பொருள் குழந்தையின் பிளேட்லெட்டை அழிக்கும் நிலை ஏற்படலாம் என்பது உண்மை. அது தனி நோய், தனி டாக்டர் பேச்சு.

சரி, இதை எப்போது முதலில் எடுக்க வேண்டும்? அம்மா மறுபடி கர்ப்பமாக இருந்தால், அல்லது அடுத்த குழந்தையை நினைத்துக்கொண்டிருந்தால். பெற்றோர் இருவரும் சுமப்பவர்கள் (தனக்கு நோய் இல்லாமல், ஜோடி மரபணுவில் ஒன்றில் மட்டும் பிழை உள்ளவர்கள்) என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. கருவில் பார்ப்பதற்கு 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசு எடுப்பார்கள், அல்லது 16ஆம் வாரவாக்கில் பனிக்குட நீர். குடும்பத்தில் எந்த எழுத்து பிழை என்று அதற்குள் தெரிந்திருந்தால்தான் தேட முடியும். எட்டாம் வாரத்தில் வந்து நின்று ஃப்ளோவுக்கு அலைவது நேரத்தைத் தின்பது. பதிவுபெற்ற மையத்தில்தான் இதைச் செய்ய முடியும், ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டார்கள், கேட்கவும் கூடாது. தெரிந்த பிறகு என்ன செய்வது என்பது அந்தத் தம்பதியின் முடிவு. இந்த நோயோடு படித்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும்.

| | அக்ரிகேஷன் | ஃப்ளோ | மரபணு |
|---|---|---|---|
| எந்தக் கேள்விக்கு | பிளேட்லெட் வேலை செய்கிறதா, எந்தக் கோளாறு | காம்பு இருக்கிறதா, எத்தனை சதவீதம் | எந்தப் பிழை, குடும்பத்தில் யார் யாருக்கு |
| ரத்தம் | 10–20 மில்லி | 1–2 மில்லி | 2–3 மில்லி |
| தாங்கும் நேரம் | 4 மணி நேரம் | சுமார் ஒரு நாள் | கூரியரில் போகும் |
| கெடுப்பவை | வலி மாத்திரை, கொழுப்பு, குளிர், குலுக்கல் | அண்மையில் ஏற்றிய பிளேட்லெட் | ஒரே மரபணுவை மட்டும் பார்ப்பது |
| மறைந்த செலவு | பயணம், மறுபடி குத்துவது | மூன்றாவது வகை தப்பினால் இன்னொரு சோதனை | பெற்றோர் சோதனை, தெளிவில்லாத முடிவு, வீட்டுப் பேச்சு |

வீட்டுப் பேச்சு

அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் இருப்பதுதான் நம் பக்கத்தில் பெரிய செலவு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் ரத்த சொந்தத்தில் நடந்தவை. பத்து லட்சத்தில் ஒருவருக்கு என்று பொதுவாகச் சொல்லப்படும் நோய், சொந்தத்தில் கட்டும் குடும்பங்களில் அந்தக் கணக்குக்கு அடங்காது. அதற்காக யாரையும் குற்றவாளி ஆக்க வேண்டியதில்லை. ஆனால் கணக்கு தெரிய வேண்டும்.

நோய் வந்த குழந்தைக்கு ஒரு அக்கா, நோய் இல்லாதவள் என்று வையுங்கள். அவள் சுமப்பவளாக இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. தாய்மாமனுக்குப் பாதிக்குப் பாதி. இருவருக்கும் முடித்துவைத்தால் இரண்டு பேருமே சுமப்பவர்களாக இருக்க மூன்றில் ஒன்று, பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர பன்னிரண்டில் ஒன்று. சுமப்பவருக்கு ரத்தம் ஒழுங்காக நிற்கும், அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஃப்ளோவில் அவருடைய காம்பு ஏறக்குறையப் பாதியாகத் தெரியலாம். ஆனால் இயல்பானவர்களின் அளவோடு கலந்துவிடுவதால் அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இங்கே மரபணுவுக்கு மாற்று இல்லை. குடும்பத்தின் பிழை ஏற்கெனவே தெரிந்திருந்தால், அந்த ஒரு இடத்தை மட்டும் பார்க்கும் சோதனை முதல் சோதனையைவிட மிகவும் மலிவு.

ஆனால் 'கேரியர்' என்ற வார்த்தை கல்யாண வயதுப் பெண்ணின் தலையில் எப்படி உட்காரும் என்று உங்களுக்குத் தெரியும். பையன் தலையில் அது உட்காருவதே இல்லை, அதுவும் தெரியும். அந்தப் பேப்பரை யாரிடம் காட்டுவது என்று சோதனைக்கு முன்பே புருஷனும் பெண்சாதியும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு ஆகாத பிள்ளைக்கு, சுமப்பவளா என்று மட்டும் தெரிந்துகொள்ள எடுக்காதீர்கள். வளர்ந்து அவளே கேட்கட்டும்.

வந்து நின்ற மூவர்

நெல்லிக்குப்பம் குடும்பம் ஃப்ளோ எடுத்தது. சிடி41, சிடி61 இரண்டும் கிட்டத்தட்டப் பூஜ்யம். டாக்டருக்கு அது போதுமானதாக இருந்தது. அக்ரிகேஷனுக்குப் போகவேயில்லை, மரபணுவை அப்போதைக்குத் தள்ளிவைத்தார்கள். பண்ருட்டியிலிருந்து வந்த இருபது வயதுப் பையனுக்கு நேர்மாறு: நோய் எதுவென்றே தெரியாது, சொந்தத்தில் கட்டிய பெற்றோரும் இல்லை, கையில் நல்ல நரம்பு. அவனை அக்ரிகேஷனுக்கு அனுப்பியதுதான் சரி. இந்த நோயுள்ள பெண் பிள்ளைக்கு வயதுக்கு வரும் நேரம் நெருங்குகிறதென்றால், மூன்றில் எதுவானாலும் முதல் மாதவிடாய்க்கு முன்பே முடித்துவிடுங்கள். அந்த ரத்தப்போக்கு அளவுக்கு மீறிப் போகலாம்.

போன மாதம் அந்தக் குழந்தையின் தாய்மாமன் தனியாக வந்தான். அக்காவுக்குத் தெரியாது என்றான். வீட்டில் பெரிய அக்கா மகளைப் பேசுகிறார்கள் போலிருக்கிறது. "எனக்கும் எடுக்கணுமாண்ணா?" என்றான். முதலில் குழந்தைக்கு மரபணு எடுத்துப் பிழை எங்கே என்று தெரிய வேண்டும், அதுக்கப்புறம் உனக்கு மூணு மில்லி போதும், முதலில் அக்காகிட்ட பேசு என்றேன். ஊதா மூடிக் குழாய் ஒன்றைக் கையில் எடுத்து, அதன் மேல் ஒட்டியிருந்த தேதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை லேப் திறந்திருக்குமா என்று கேட்டான்.